ராட்சதத் தரை ஸ்லாத்துகள் ஏன் அழிந்தன, மர ஸ்லாத்துகள் ஏன் எஞ்சின?

கேள்வி கேட்ட நண்பர் நான்கைந்து வரிகளில் கேட்டிருப்பது இதுதான்: யானையளவு இருந்த ராட்சதத் தரை ஸ்லாத்துகள் அடியோடு அழிந்துபோயிருக்க, மரத்தில் தலைகீழாகத் தொங்கியபடி பொழுதைக் கழிக்கும் இன்றைய ஸ்லாத்துகள் மட்டும் எப்படித் தப்பின, பெரியவைதான் காலப்போக்கில் சுருங்கிச் சிறியவை ஆயினவா, அவற்றை அழித்தது பனியுகத்தின் முடிவா, மனிதனா, அமேசான் காட்டுக்குள் இன்னமும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்க வாய்ப்புண்டா. பார்வைக்கு நான்கு கேள்விகளாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேலாக வெப்பத்தையும் குளிரையும் தாங்கி, ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்கும் அங்கிருந்து தீவுகளுக்கும் பரவி வாழ்ந்த ஒரு விலங்குக் குழு, கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய முழுவதுமாக எப்படி இல்லாமற்போயிற்று என்பதே அது.

என் எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பயின்றதும் பல ஆண்டுகள் கற்பித்ததும் முதுகெலும்பிகளின் தொல்லுயிரியல். ஸ்லாத்துகளின் அகழ்வுகளில் நேரடியாகப் பங்கெடுத்தவன் அல்லன். இந்தியாவில் இருந்துகொண்டு அதற்கு வழியும் இல்லை. அமெரிக்கக் கண்டங்களையும் கரீபியத் தீவுகளையும் தவிர வேறெங்கும் இவற்றின் உறுதியான எச்சம் கிடைத்ததில்லை. ஆகவே நான் சொல்பவை வெளியான ஆய்வுகளைத் தொடர்ந்து படித்து எடைபோட்டதன் விளைவு. எது உறுதி, எது ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

ஸ்லாத்துகள், உடலில் ஓடு போர்த்த ஆர்மடில்லோக்கள், தென் அமெரிக்க எறும்புதின்னிகள் ஆகிய மூன்றும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. நம் ஊர் அழுங்கையும் எறும்புதின்னி என்றே அழைக்கிறோம் என்றாலும் அதற்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இந்தத் தொகுதியின் முதுகெலும்புக் கணுக்களுக்கிடையே மற்றப் பாலூட்டிகளிடம் இல்லாத கூடுதல் மூட்டுகள் உண்டு. ஸ்லாத்துகளின் பற்களில் எனாமல் இல்லை, அதற்கு ஈடாக அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். இத்தகைய அடையாளங்களைக் கொண்டுதான் ஓர் உடைந்த பல்லோ கணுவோ கிடைத்தாலும் அது ஸ்லாத்தினுடையது என்று சொல்ல முடிகிறது. இவை தோன்றியபோது தென் அமெரிக்கா மற்றக் கண்டங்களிலிருந்து பிரிந்து தனித்தீவாகக் கிடந்தது. குதிரையும் மானும் யானையும் எட்டாத அந்நிலத்தில், வேறு இடங்களில் அவை நிரப்பிய வாழ்விடங்களில் பலவற்றை ஸ்லாத்துகள் நிரப்பின என்று சொல்லலாம். பாதுகாக்கப்பட்ட எச்சங்களிலிருந்து நூறுக்கு மேற்பட்ட பேரினங்கள் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்புகள்) இதுவரை அறியப்பட்டுள்ளன. இன்று எஞ்சியிருப்பவை இரண்டு பேரினங்கள் மட்டுமே. எனவே இன்றைய ஸ்லாத்தைப் பார்த்துப் பழைய ஸ்லாத்துகளைக் கற்பனை செய்வது நம்மைத் தவறான திசைக்கே கொண்டுபோகும். மரத்தில் தொங்குவதுதான் அந்தக் குடும்பத்தில் விதிவிலக்கு.

பெரியவை சுருங்கிச் சிறியவை ஆயினவா என்ற கேள்விக்கு உறுதியாக இல்லை என்று சொல்லலாம். 2019-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், ஒன்று பழைய எலும்புகளில் எஞ்சியிருந்த கொலாஜன் புரதத்தைக் கொண்டும், மற்றொன்று மைட்டோகாண்ட்ரிய மரபணுவைக் கொண்டும், தனித்தனியாக ஏறக்குறைய ஒரே வம்சாவளியை வந்தடைந்தன. அதன்படி இன்றைய இரண்டு விரல் ஸ்லாத்துக்கு நெருங்கிய உறவு, தென் அமெரிக்காவின் தென்கோடியான பதகோனியாவில் வாழ்ந்த மைலோடான் என்ற தரை ஸ்லாத். மூன்று விரல் ஸ்லாத், மெகதேரியம், மெகலோனிக்ஸ் ஆகிய தரை ஸ்லாத்துகள் அடங்கிய மற்றொரு கிளையைச் சேர்ந்தது. இவ்விரு கிளைகளும் பிரிந்து ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மரத்தில் ஒரே மாதிரி தொங்கும் இவ்விரு விலங்குகளும் அந்தப் பழக்கத்தைத் தனித்தனியே பெற்றவை என்பதே இதன் பொருள். அவை மாண்டுபோன ராட்சதங்களின் தாயாதிகள். அவற்றின் பிள்ளைகள் அல்ல. அழிவு நேர்ந்த காலத்தில் மரத்திலும் தரையிலுமாக எல்லா அளவுகளிலும் ஸ்லாத்துகள் ஒரே சமயத்தில் வாழ்ந்துகொண்டிருந்தன.

இவ்வளவு பெரியவையாக ஏன் வளர்ந்தன என்பதில் உறுதி சற்றுக் குறைகிறது. ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பதகோனியப் படிவுகளில் கிடைக்கும் ஹாபலோப்ஸ் போன்றவை பெரிய நாய் அளவைத் தாண்டவில்லை. ஓரளவு மரமேறவும் வல்லவை. பனியுகக் காலத்து மெகதேரியமோ வாலோடு சேர்த்து ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும் 4 டன் எடையும் கொண்டது. அதாவது வளர்ந்த ஆசிய யானையின் எடை. 2025-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, பல அருங்காட்சியகங்களிலுள்ள 400-க்கு மேற்பட்ட புதைபடிவங்களை அளந்து, புவி வெப்பமான காலங்களில் ஸ்லாத்துகள் சிறுத்தும், குளிர்ந்து காடுகள் விலகித் திறந்த வெளிகள் பெருகிய காலங்களில் பெருத்தும் வந்துள்ளன என்று காட்டியது. பெரிய உடல் வெப்பத்தைத் தக்கவைக்கும், சத்துக் குறைந்த தழைகளை நெடுநேரம் குடலில் வைத்துச் செரிக்கும், நீர்நிலைகளுக்கிடையே தொலைவு கடக்கும், கொன்றுண்ணிகளைத் தள்ளிவைக்கும். இந்தக் காரணங்கள் எல்லாமே ஏற்கத்தக்கவை. எது எவ்வளவு பங்காற்றியது என்பதைப் பிரித்துச் சொல்ல எலும்புகள் இடம்தருவதில்லை.

அளவு மட்டுமல்ல, வாழ்முறையிலும் அவை பலவகைப்பட்டவை. பெருவின் வறண்ட கடற்கரைப் படிவுகளில் கிடைத்த தலாசோக்னஸ் கடலில் இறங்கிக் கடற்புல் மேய்ந்தது. அதன் அடுத்தடுத்த இனங்களில் எலும்புகள் மேலும் மேலும் அடர்ந்துகொண்டே போவதைக் காணமுடிகிறது, அடியில் அமிழ்ந்து நிற்க அந்தக் கனம் உதவியிருக்கும். மெகலோனிக்ஸ் அலாஸ்கா வரை வடக்கே சென்றது. பனாமா நிலப்பாலம் முழுமையடைந்தது ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்பது பொதுவான கணிப்பு. ஆனால் வட அமெரிக்காவில் ஸ்லாத் எலும்புகள் அதற்கு வெகுமுன்பே, ஏறத்தாழ 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தென்படத் தொடங்குகின்றன. இடையிலிருந்த கடலை எப்படியோ கடந்திருக்கின்றன. தென் பிரேசிலில் மென்மையான பாறைகளைக் குடைந்து, ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் அமைந்த தொல் வளைகள் பல உள்ளன. சுவர்களில் நகக்கீறல்கள் தெளிவாக இருக்கின்றன. அவற்றைத் தோண்டியவை தரை ஸ்லாத்துகளா, ராட்சத ஆர்மடில்லோக்களா என்பது வளைக்கு வளை மாறக்கூடிய வழக்கு. மெகதேரியம் இறைச்சியும் தின்றது என்று 1990-களில் ஒரு கருத்து பேசப்பட்டது. எலும்பிலுள்ள, உண்ட உணவின் வகையைக் காட்டும் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) அளவுகள் அதற்கு ஆதரவாக இல்லை. வேடிக்கை என்னவென்றால், சைவம் என்று யாரும் சந்தேகிக்காத மைலோடானின் முடியை 2021-இல் சோதித்தபோது, அது அவ்வப்போது விலங்குப் புரதமும் உண்டிருக்கும் என்ற முடிவு வந்தது. வெண்ணெய்ப்பழத்தின் பெரிய கொட்டையைப் பரப்பியவை இவைதான் என்று இணையத்தில் அடிக்கடி எழுதப்படுகிறது. 1982-இல் அந்தக் கருதுகோளை முன்வைத்த கட்டுரையில் முதன்மைப் பாத்திரம் யானைக்கு உறவான கோம்போதீர்களுக்குத் தரப்பட்டது; அர்ஜென்டினாவின் புல்வெளியில் வாழ்ந்த மெகதேரியத்தை அந்தப் பழத்தோடு வரைவதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

இனி அழிவுக்கு வருவோம். கண்டங்களில் தரை ஸ்லாத்துகளின் இறுதிக்காலம் ஏறத்தாழ 13,000 முதல் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு. இதே கட்டத்தில்தான் பனியுகம் முடிந்து புவி வெப்பமாகிறது. இடையே ஏறத்தாழ 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு வரை திடீர்க் குளிர் ஒன்றும் வந்துபோகிறது. இதே கட்டத்தில்தான் மனிதர்கள் இரு கண்டங்களிலும் பரவலாகக் காணப்படத் தொடங்குகிறார்கள். சந்தேகத்துக்குரிய இருவர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்ததுதான் இந்த வழக்கின் அடிப்படைச் சிக்கல். கண்டத்து எலும்புகளை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினால் இது முடியவே முடியாது.

தட்பவெப்பத்தைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு இருக்கும் முதல் தயக்கம், அது இதற்கு முன்பும் பலமுறை மாறியிருக்கிறது என்பதே. கடந்த 10 லட்சம் ஆண்டுகளில் பனி பெருகுவதும் வடிவதும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளன; ஏறத்தாழ 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பு புவி இன்றைவிடச் சற்று வெப்பமாகவே இருந்தது. அத்தனையையும் ஸ்லாத்துகள் கடந்து வந்தன. இரண்டாவது சான்று கொஞ்சம் விசித்திரமானது: சாணம். அரிசோனாவின் கிராண்ட் கேன்யனிலுள்ள ராம்பார்ட் குகையில், ஷாஸ்தா தரை ஸ்லாத் என்ற நடுத்தர அளவு விலங்கின் சாணம் வறண்ட காற்றில் கெடாமல் அடுக்கடுக்காகக் கிடந்தது. அதில் இருந்த தாவரத் துணுக்குகளை ஆராய்ந்தபோது, அந்த விலங்கு மேய்ந்த செடிகள் பல இன்றும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வளர்பவை என்று தெரிந்தது. உணவு அங்கேயே இருக்கிறது, உண்டவை மட்டும் ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன்பு நின்றுபோயின. மனித வேட்டையே காரணம் என்ற கோட்பாட்டை 1960-களிலிருந்து வலியுறுத்திவந்த பால் மார்ட்டின், இந்தச் சாணத்தின் கரிமக் காலக்கணிப்புகளைத் தன் வாதத்தின் தூண்களில் ஒன்றாக்கினார். 1976-இல் குகைக்குள் தீப்பற்றி மாதக்கணக்கில் புகைந்து, அந்த அரிய படிவின் பெரும்பகுதி சாம்பலாயிற்று என்பது எங்கள் துறையின் பெரும் இழப்புகளில் ஒன்று.

ஆனால் என்னை ஒரு பக்கம் சாயவைப்பது கரீபியத் தீவுகள். கியூபா, ஹிஸ்பனியோலா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய தீவுகளில் மிகப் பழங்காலத்திலேயே குடியேறித் தனிக்கிளையாகப் பிரிந்த ஸ்லாத்துகள் வாழ்ந்தன. பனியுகம் முடிந்தபோது அங்கும் வெப்பம் கூடியது, மழையின் போக்கு மாறியது. கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து தீவுகளின் பரப்பே சுருங்கியது. இடம்பெயர்ந்து தப்பவும் வழியில்லை. தட்பவெப்பம்தான் காரணம் என்றால் முதலில் அழிந்திருக்க வேண்டியவை அவைதாம். அவையோ, கண்டங்களில் கடைசி ஸ்லாத் மறைந்த பிறகு ஏறத்தாழ ஆறேழாயிரம் ஆண்டுகள் உயிர்த்திருந்தன. கியூபாவிலும் ஹிஸ்பனியோலாவிலும் கிடைத்த மிக இளைய எலும்புகள் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மனிதர்கள் அத்தீவுகளை அடைந்த காலமும் அதை ஒட்டியே வருகிறது. இங்கே சந்தேகத்துக்குரிய இருவரும் ஒன்றாக வரவில்லை. ஒருவர் முன்னால் வந்து போய்விட்டார், மற்றவர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து வந்தார், அப்போதுதான் மரணம் நேர்ந்தது. சைபீரியாவுக்கு வடக்கே ராங்கல் தீவில் கம்பளி யானைகள் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் அங்கே முடிவு மனிதரால் வந்தது என்று காட்டும் சான்று இல்லை, எனவே அதை நான் துணைச் சாட்சியாக அழைக்கவில்லை.

நேரடிச் சான்று என்ன இருக்கிறது என்று எதிர்த்தரப்பு கேட்பது நியாயமே. எண்ணிக்கை குறைவு, ஆனால் இருக்கின்றன. அர்ஜென்டினாவின் காம்போ லபோர்தேயில், ஏறத்தாழ 12,600 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சதுப்பு விளிம்பில் மெகதேரியம் ஒன்றைக் கொன்று கூறுபோட்ட தடயங்கள் கல்லாயுதங்களோடு கிடைத்துள்ளன. அமெரிக்காவின் ஓஹையோவில் கிடைத்த ஒரு மெகலோனிக்ஸ் தொடையெலும்பில் வெட்டுத் தழும்புகள் உள்ளன. நியூ மெக்சிகோவின் வெண்மணல் பகுதியில் ஸ்லாத்தின் காலடித் தடத்துக்குள்ளேயே மனிதக் காலடி பதிந்திருக்கிறது. ஆள் நெருங்கிய இடத்தில் ஸ்லாத் திசைமாறி, பின்கால்களில் எழுந்து திரும்பியதாகத் தடங்களைப் படித்தவர்கள் சொல்கிறார்கள். பின்தொடர்ந்தது உறுதி, கொல்வதற்காகவா என்பதை மணல் சொல்லாது. உருகுவேயில் 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட லெஸ்டோடான் என்ற தரை ஸ்லாத்தின் எலும்புகளில் மனிதர் வெட்டிய குறிகள் உண்டு என்ற கூற்றை நான் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. ஆற்றுக் கற்கள் உரசியும் அப்படிப்பட்ட கீறல்கள் விழும்.

கொன்ற இடங்கள் இவ்வளவு குறைவாக இருக்க, ஓர் இனமே எப்படி அழியும் என்ற ஐயம் எழலாம். இதற்கு விடை வேட்டையின் அளவில் இல்லை, இனப்பெருக்கத்தின் வேகத்தில் இருக்கிறது. இன்றைய ஸ்லாத்துகள் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனும். டன் கணக்கில் எடையுள்ள தரை ஸ்லாத்துகள் அதைவிட வேகமாகப் பெருகியிருக்க முடியாது. பெரிய பாலூட்டிகள் எல்லாவற்றிலும் பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும், ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடைவெளி நீளும். அயோவாவின் டார்கியோ பள்ளத்தாக்கில் வளர்ந்த மெகலோனிக்ஸ் ஒன்றும் வெவ்வேறு வயதுடைய இரு குட்டிகளும் அருகருகே கிடைத்தன. அவை ஒரே குடும்பம் என்றால், முதல் குட்டி பிரியும் முன்பே அடுத்தது பிறக்கும் அளவுக்கு நீண்ட வளர்ப்புக்காலம் இருந்திருக்கிறது. இத்தகைய விலங்குக்கூட்டத்தில் பிறப்பைவிட இறப்பு ஆண்டுக்கு ஒரு சில விழுக்காடு கூடினாலே போதும். வேட்டைக்காரர் யாருக்கும் தாம் ஓர் இனத்தை அழிக்கிறோம் என்று தெரியாமலே, சில நூற்றாண்டுகளில் கணக்கு முடிந்துவிடும். அவ்வளவு குறைந்த வேட்டை மண்ணில் தடயம் விட்டுச்செல்வதும் அரிது. போதாக்குறைக்கு, பல கோடி ஆண்டுகளாக அவற்றைத் தாக்கியவை கோரைப்பற்களும் நகங்களும் கொண்ட விலங்குகளே. பின்கால்களில் எழுந்து நின்று நீண்ட நகங்களைக் காட்டும் தற்காப்பு, தூரத்திலிருந்து ஈட்டி எறியும் ஒரு கூட்டத்துக்கு எதிரே பயன்பட்டிருக்காது.

இப்போது மர ஸ்லாத்துகள் தப்பியதற்கு வருகிறேன். மெதுவாக நகர்வதைப் பலவீனம் என்று எண்ணுவதுதான் இந்தக் கேள்வியைப் புதிராக்குகிறது. 10 கிலோவுக்கும் குறைவான எடையோடு, ரோமத்தில் பாசி படிந்து இலைகளோடு கலந்து, அடர்ந்த மழைக்காட்டின் உச்சியில் அசையாமல் கிடக்கும் விலங்கு, கண்ணில் படாமலிருப்பதில் கெட்டிக்காரன். வேட்டையாடினாலும் கிடைக்கும் இறைச்சி கொஞ்சம். அந்தக் கட்டத்தில் தென் அமெரிக்காவில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட தரைப் பாலூட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்று அங்கே காட்டில் இயல்பாக வாழும் மிகப்பெரிய தரை விலங்கு, பன்றி போன்ற உருவமுள்ள டேப்பிர்தான். ஆகவே வடிகட்டியது உடலளவும் வாழிடமும் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் சிறியதாக இருப்பது மட்டுமே போதும் என்று முடித்துவிடவும் முடியாது. கரீபியத் தீவுகளில் மரமேறக்கூடிய சிறிய ஸ்லாத்துகளும் இருந்தன. அவையும் பெரியவற்றோடு சேர்ந்தே போயின. அமேசானைப் போல எல்லையற்ற காடு ஒதுங்குமிடமாக இருந்தது கண்டத்து மர ஸ்லாத்துகளுக்கு மட்டும்தான்.

என் தரப்பின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே வெண்மணல் பகுதியில் வேறோர் இடத்தில் கிடைத்த மனிதக் காலடிகளின் காலம் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் வரை என்று 2021-இல் அறிவிக்கப்பட்டு, பிறகு வேறு முறைகளாலும் உறுதிசெய்யப்பட்டது. பிரேசிலின் சாந்தா எலினாவில் ஸ்லாத்தின் தோலெலும்புகளைத் துளையிட்டு மெருகேற்றிய அணிகலன்கள் 25,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2023-இல் ஓர் ஆய்வு கூறியது. இவை சரியென்றால் மனிதரும் ஸ்லாத்துகளும் 10,000 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஒரே நிலத்தில் கூடவே வாழ்ந்திருக்கிறார்கள். வந்தவுடன் கொன்றொழித்தார்கள் என்ற மார்ட்டினின் மின்னல்வேகச் சித்திரம் அப்படியே நிற்காது. தொடக்கத்தில் மனிதர் மிகச் சிலராக இருந்து, 13,000 ஆண்டுகளுக்கு முன்புதான் தொகையும் ஆயுதமும் பெருகின என்று விளக்கலாம். தென் அமெரிக்காவில் மீன்வால் வடிவ ஈட்டிமுனைகள் பரவிய காலமும் பெருவிலங்குகள் சரிந்த காலமும் பொருந்துகின்றன என்ற 2021-ஆம் ஆண்டு ஆய்வு இதற்குத் துணைநிற்கிறது. தீவுகளில் மனிதனே காரணம் என்பதை நான் ஏறக்குறைய ஐயமின்றிச் சொல்வேன். கண்டங்களில், குளிரும் வறட்சியும் ஏற்கெனவே கூட்டங்களைச் சிதறடித்து வைத்திருந்த இடங்களில் மனிதர் கடைசித் தள்ளலைத் தந்திருக்கவும் கூடும். இடத்துக்கு இடம் இந்தப் பங்கீடு மாறியிருக்கும்.

இன்னும் உயிரோடு இருக்குமா என்ற கேள்வி, இந்த விலங்கு அறிமுகமான நாளிலிருந்தே கூட வருகிறது. அர்ஜென்டினாவின் லுஹான் ஆற்றங்கரையில் தோண்டியெடுத்த எலும்புக்கூடு 1788-இல் மத்ரித் வந்துசேர்ந்தபோது, சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, உயிருள்ள ஒன்றை அனுப்பிவையுங்கள் என்று ஸ்பானிய அரசவை ஆணையிட்டது. 1796-இல் பிரான்சின் உடற்கூற்றியல் அறிஞர் கூவியே அந்த எலும்புகளை ஆராய்ந்து மெகதேரியம் என்று பெயரிட்டு, இது ஸ்லாத்துகளின் உறவு, இன்று எங்கும் இல்லாத விலங்கு என்று எழுதினார். உயிரினங்கள் முற்றாக அழியக்கூடும் என்ற கருத்து நிலைபெற்றதில் அந்தக் கட்டுரைக்கும் பங்குண்டு. அதன்பின் 1895-இல் சிலியின் தென்கோடியில் ஒரு குகையில், முடியோடும் உள்ளே பதிந்த சிறு எலும்புகளோடும் தோல் துண்டு ஒன்று கிடைத்தது. நேற்று உரித்தது போல இருந்த அதைப் பார்த்த அமெகினோ என்ற அர்ஜென்டின அறிஞர் விலங்கு இன்னமும் வாழ்கிறது என்று 1898-இல் அறிவிக்க, 1900-இல் ஒரு லண்டன் நாளிதழ் செலவில் தேடும் குழு ஒன்று பதகோனியாவுக்கே சென்று வெறுங்கையோடு திரும்பியது. கரிமக் காலக்கணிப்பு வந்த பிறகு அந்தக் குகையின் மைலோடான் எச்சங்கள் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று தெரிந்தது. குளிரும் வறட்சியும் அவற்றைக் கெடாமல் காத்திருந்தன. அமேசான் பழங்குடியினர் சொல்லும் மாப்பிங்குவாரி என்ற பெருவிலங்கை எஞ்சிய தரை ஸ்லாத் என்று கருதிப் பல ஆண்டுகள் தேடிய பறவையியலாளர் டேவிட் ஓரனுக்கும், சோதனையில் நிற்கும் ஒரு முடியோ சாணமோ எலும்போ கிடைக்கவில்லை. டன் கணக்கில் எடையுள்ள விலங்கு இனம் தொடர்ந்து வாழ நூற்றுக்கணக்கில் இருந்தாக வேண்டும். ஆகவே வாய்ப்பில்லை என்பதே என் பதில்.